குறும்பு பிடிச்ச செரிஃப் ஃபான்ட்டை தலைப்புல வைக்கிறது எப்படி: தேர்வுல இருந்து பிரிண்ட் வரைக்கும் முழு வழிகாட்டி

வால் சுருண்ட ஆர், தலைல கொம்பு முளைச்ச டி, ஒரு கால தூக்கிட்டு ஆடுற ஹெச், இந்த மாதிரி ஒரு ஃபான்ட்டை பாத்ததும் டவுன்லோட் பண்ண கை துறுதுறுங்கும். பண்ணிட்டு நம்ம தலைப்பை அதுல அடிச்சு பாத்தா, முன்னாடி படத்துல பாத்த அழகு எங்க போச்சுன்னே தெரியாது. காரணம் சிம்பிள். அந்த சாம்பிள் படத்துல இருக்கற வார்த்தைய ஃபான்ட் செஞ்சவரே பொறுக்கி எடுத்து வெச்சிருப்பாரு, எந்த எழுத்தெல்லாம் நல்லா ஆட்டம் போடுமோ அதெல்லாம் வர்ற வார்த்தையா. நம்ம வார்த்தைக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்கணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்லயே.

அதனால முதல்லயே சொல்லிடறேன், ஃபான்ட்டை பாத்து மயங்காதீங்க, உங்க வார்த்தைய அதுக்குள்ள போட்டு பாத்துட்டு அப்புறம் மயங்குங்க. கீழ இருக்கற எல்லா படியும் இத சுத்தித்தான் ஓடுது.

அதுக்கு முன்னாடி, இது என்ன ஜாதி எழுத்துன்னு கொஞ்சம்

செரிஃப்னா எழுத்தோட கோடு முடியற இடத்துல இருக்கற அந்த குட்டி பாதம், குட்டி தொப்பி. புத்தகத்துல வர்ற செரிஃப் எல்லாம் கண்ணுக்கு தெரியாம அடக்கமா வேலை பாக்கும், ஆனா நாம பேசற ஃபான்ட்ல அந்த பாதமே சுருளும், பிளக்கும், வீங்கும், சாயும். பெரிய சைஸ்ல நாலஞ்சு வார்த்தைக்கு மட்டும் போடறதுக்குன்னே செஞ்சது, அதனாலதான் டிஸ்ப்ளே ஃபான்ட்னு பேரு.

இது ஒண்ணும் கம்ப்யூட்டர் வந்தப்புறம் வந்த ஃபேஷன் கிடையாது. 19ம் நூற்றாண்டுல போஸ்டர் விளம்பரம் பெருகினப்போ, புத்தக எழுத்து தூரத்துல இருந்து எடுபடல. ஈயத்துல பெரிய எழுத்து வார்த்தா கனமும் ஜாஸ்தி, ஆறும்போது நெளிஞ்சும் போகும். டேரியஸ் வெல்ஸ்னு ஒரு அமெரிக்கர் மரத்துல எழுத்து வெட்டறதுக்கு மெஷின் கண்டுபிடிச்சு 1828ல கேட்டலாக் போட்டாரு, அதுக்கப்புறம் மரத்துல எவ்ளோ பெருசா வேணா எவ்ளோ கோணங்கியா வேணா எழுத்து வெட்டலாம்னு ஆயிடுச்சு. சர்க்கஸ் போஸ்டர்னு சொன்னதும் நம்ம மனசுல வருமே, நுனி ரெண்டா பிளந்து நடு இடுப்புல முள்ளு மாதிரி நீட்டிட்டு நிக்கிற எழுத்து, அதுக்கு டஸ்கன்னு பேரு.

இன்னைக்கு நீங்க தேடும்போது கைல சிக்கறது பெரும்பாலும் இந்த நாலு கூட்டத்துல ஏதாவது ஒண்ணா இருக்கும். ஒண்ணு இந்த டஸ்கன் கூட்டம். ரெண்டாவது கொழுகொழு கூட்டம், 1905ல வந்த வின்ட்சர், 1914ல வந்த சூவனீர், 1922ல வந்த கூப்பர் பிளாக் எல்லாம் இதோட தாத்தாக்கள், முனையெல்லாம் வெண்ணெய் உருகின மாதிரி இருக்கும். மூணாவது கொடி ஓடுற மாதிரி இருக்கற ஆர்ட் நூவோ (1900 வாக்குல இருந்த ஒரு கலை பாணி) கூட்டம், 1904ல வந்த ஆர்னால்ட் பாக்லின் இதுல பிரபலம். நாலாவது சுருள் கூட்டம், 1995ல மோனோடைப் விட்ட கர்ல்ஸ் ஃபான்ட்டை கம்ப்யூட்டர் தொட்ட எல்லாருமே ஒருதடவையாவது பாத்திருப்பீங்க. கூகுள் ஃபான்ட்ஸ்ல இருக்கற மவுன்டன்ஸ் ஆஃப் கிறிஸ்துமஸ், எமிலிஸ் கேண்டி ரெண்டையும் நான் இதே கூட்டத்துலதான் சேப்பேன். என் சொந்த கருத்து, நாலாவது கூட்டத்தை குழந்தைங்க விஷயத்துக்கு மட்டும் வெச்சுக்கறது நல்லது, மத்த இடத்துல சீக்கிரமே சலிச்சு போகும்.

படி 1: வார்த்தைய முடிவு பண்ணுங்க

தலைப்பு முடிவாகாம ஃபான்ட் தேடவே போகாதீங்க. ஒரு பேப்பர்ல கடைசி வடிவத்தை எழுதுங்க, பெரிய எழுத்தா சின்ன எழுத்தா, எத்தனை வரி, நம்பர் வருதா, கேள்விக்குறி வருதா எல்லாம் சேத்து. அப்புறம் அதுல எந்த எழுத்து ஆட்டம் போட தகுதியானதுன்னு பாருங்க. பெரிய எழுத்துல ஆர், கே, கியூ இந்த மூணும் கால் நீட்டும், சின்ன எழுத்துல ஜி, ஒய் ரெண்டும் வால் விடும். இதெல்லாம் ஒண்ணு ரெண்டாவது இருந்தா உங்களுக்கு யோகம். வெறும் ஐ, எல், டி, ஹெச்னு குச்சி குச்சியா நிக்கிற வார்த்தையா இருந்தா சுருள் கூட்டம் உதவாது, அதுக்கு கொழுகொழு கூட்டம்தான் சரியா வரும், ஏன்னா அங்க அழகு வால்ல இல்ல, உடம்புல இருக்கு.

ஆறேழு வார்த்தைக்கு மேல போச்சுன்னா அதுல எந்த ரெண்டு வார்த்தைக்கு மட்டும் இந்த ஃபான்ட்னு இப்பவே பிரிச்சுடுங்க. மிச்சம் சாதாரண எழுத்துல போகட்டும்.

படி 2: நாலஞ்சு ஃபான்ட்ல அதே வார்த்தைய அடிச்சு பாருங்க

டவுன்லோட் பண்ணாமயே பாக்கலாம், ஃபான்ட் விக்கற, இலவசமா தர்ற சைட்ல எல்லாம் டைப் பண்ணி பாக்கற பெட்டி ஒண்ணு இருக்கும். அஞ்சுக்கு மேல எடுக்காதீங்க, இருபது எடுத்தா கண்ணு மரத்து போய் கடைசியா பாத்ததுதான் நல்லா இருக்கற மாதிரி தோணும்.

அஞ்சையும் ஒரே ஸ்கிரீன்ல வெச்சுட்டு நான் பண்றது இதுதான். முதல்ல கண்ண பாதி மூடிட்டு பாப்பேன், எங்கயாவது ஒரு கருப்பு திட்டு இல்ல ஒரு ஓட்டை மட்டும் தனியா துருத்திட்டு தெரிஞ்சா அங்க இடைவெளி பிரச்சனை இருக்குன்னு அர்த்தம். அப்புறம் கட்டை விரல் நகம் அளவுக்கு சின்னதாக்கி பாப்பேன், ஃபோன்ல ஒருத்தர் ஸ்க்ரோல் பண்ணும்போது அந்த சைஸ்லதான் உங்க போஸ்டர் தெரிய போகுது. கடைசியா விஷயமே தெரியாத ஒருத்தர கூப்பிட்டு "இத படிங்க"ன்னு மட்டும் சொல்வேன், வேற எதுவும் சொல்ல மாட்டேன். அவங்க ஒரு நொடி தயங்கினா போதும், அந்த ஃபான்ட் அவுட். சின்ன ஆரும் (r) என்னும் (n) ஒட்டி நின்னா எம் (m) மாதிரி தெரியும், அதனால மாடர்ன்னு (modern) எழுதினத மோடம்னு (modem) படிக்கறவங்க நிஜமாவே இருக்காங்க, அதுவும் அலங்கார செரிஃப்ல பாதம் ரெண்டும் தொட்டுக்கிட்டா கேக்கவே வேணாம்.

இங்கயே நம்பரையும் குறிகளையும் பாத்துடுங்க. இந்த மாதிரி நிறைய ஃபான்ட்ல நம்பர் பழைய பாணில, சிலது மேல சிலது கீழ இறங்கி நிக்கும். வருஷம் போட்டா அழகு, ஆனா ஃபோன் நம்பர் போட்டா தண்ணில தத்தளிக்கிற மாதிரி இருக்கும். சிலதுல மேற்கோள் குறி, அண்ட் குறி (&) எல்லாம் இருக்கவே இருக்காது, அந்த இடத்துல வேற ஃபான்ட் வந்து உக்காந்து காட்டி குடுத்துடும்.

படி 3: லைசன்ஸ்

போரடிக்கும், ஆனா ரெண்டு நிமிஷ வேலை. இலவசம்னு போட்டிருக்கற சைட்ல பாதி ஃபான்ட்டுக்கு கீழ சின்னதா சொந்த உபயோகத்துக்கு மட்டும்னு எழுதியிருக்கும், அத காசு வாங்கற வேலைல போடக்கூடாது. ஓப்பன் ஃபான்ட் லைசன்ஸ்ல வந்ததுன்னா வியாபாரத்துக்கும் தாராளமா போடலாம், ஃபான்ட் ஃபைல மட்டும் தனியா விக்கக்கூடாது. காசு குடுத்து வாங்கறதுல டெஸ்க்டாப் லைசன்ஸ் வேற, வெப்சைட்டுக்கு வேற, ஆப்புக்கு வேற. வாங்கறதுக்கு முன்னாடி எதுக்குன்னு தெளிவா இருங்க, ரசீதையும் ஃபான்ட் ஃபைலோட அதே ஃபோல்டர்ல போட்டு வைங்க.

படி 4: ஒளிஞ்சிருக்கற எழுத்துகளை வெளிய எடுங்க

நிறைய பேர் இந்த படிய தாண்டிட்டே போயிடறாங்க, ஆனா காசுக்கு உண்டான மதிப்பு முழுக்க இங்கதான் இருக்கு. நல்ல அலங்கார ஃபான்ட்ல ஒரே ஆருக்கு மூணு நாலு உருவம் இருக்கும். கீபோர்டுல அடிச்சா வர்றது அதுல ரொம்ப சாதுவானது. மிச்சமெல்லாம் ஓப்பன்டைப்னு சொல்ற ஃபான்ட் ஃபைல் வடிவத்தோட வசதிக்குள்ள இருக்கும், வால் நீண்ட உருவத்துக்கு ஸ்வாஷ்னு ஒண்ணு, ஸ்டைலிஸ்டிக் செட்னு 20 வரைக்கும் நம்பர் போட்டு ஒண்ணு, ரெண்டு எழுத்து சேந்து ஒரே உருவம் ஆகற லிகேச்சர் ஒண்ணு. இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் மாதிரி டிசைன் மென்பொருள்ல கிளிஃப்ஸ்னு ஒரு பேனல் திறந்தா எல்லாம் வரிசையா தெரியும். இங்க்ஸ்கேப்ல டெக்ஸ்ட் விண்டோல ஃபீச்சர்ஸ்னு ஒரு டேப் இருக்கு. வேர்ட்ல கூட ஃபான்ட் விண்டோல அட்வான்ஸ்ட் பக்கம் போனா ஸ்டைலிஸ்டிக் செட் மாத்தலாம், இது பல பேருக்கு தெரியாது.

பேனல் திறந்ததும் எல்லாருக்கும் வர்ற வியாதி என்னன்னா, எல்லா எழுத்துக்கும் வால் வெச்சுடறது. வேணாம். ஒரு வார்த்தைக்கு ஒரு வால், ரொம்ப ஆசைப்பட்டா ரெண்டு. முதல் எழுத்துல ஒண்ணு கடைசி எழுத்துல ஒண்ணுன்னா வார்த்தை ஒரு ஊஞ்சல்ல உக்காந்த மாதிரி நிக்கும். நடுவுல வைக்கணும்னா வால் கீழ இறங்கற இடத்துல அடுத்த வரில உயரமான எழுத்து எதுவும் மோதாம பாத்துக்கோங்க. ஸ்வாஷ் போட்ட பெரிய எழுத்துலயே முழு வார்த்தையும் அடிக்கறது மட்டும் எந்த காலத்துலயும் செய்யாதீங்க, கூட்டத்துல எல்லாரும் ஒரே நேரத்துல கத்தற மாதிரி, ஒண்ணும் புரியாது.

கத்துக்கணும்னா ஃப்ரான்சஸ்னு (Fraunces) ஒரு ஃபான்ட் இருக்கு, ஓப்பன் லைசன்ஸ்ல கூகுள் ஃபான்ட்ஸ்லயே கிடைக்குது, அத வெச்சு விளையாடுங்க. வின்ட்சர், சூவனீர், கூப்பர் இவங்க வழில வந்த பேரப்பிள்ளை அது. வேரியபிள் ஃபான்ட், அதாவது ஒரே ஃபைலுக்குள்ள நாலு திருகு இருக்கு. கனம் 100ல இருந்து 900 வரை, சைஸுக்கு ஏத்த வடிவம் 9ல இருந்து 144 வரை, முனை எவ்ளோ மழுங்கணும்னு சாஃப்ட்னு ஒண்ணு 0ல இருந்து 100 வரை, அப்புறம் வோங்க்னு ஒண்ணு, அத 1ன்னு வெச்சா சின்ன என், எம், ஹெச் மூணும் கால வளச்சு சாஞ்சு நிக்கும், 0ன்னு வெச்சா பள்ளிக்கூட பிள்ளை மாதிரி நேரா நிக்கும். குறும்ப ஒரு திருகுல வெச்சிருக்காங்க பாருங்க, எவ்ளோ போதும்னு கண்ணால பழகறதுக்கு இத விட நல்ல பாடம் கிடையாது. சாஃப்ட்டை 100ல வெச்சு கனத்தை ஏத்தினா கொழுகொழுன்னு ஆயிடும், சாஃப்ட்டை 0ல வெச்சு கனத்தை இறக்கினா அதே ஃபான்ட் திடீர்னு ஊசி மாதிரி கறாரா நிக்கும்.

ஒரு எச்சரிக்கை. சில ஃபான்ட்ல இந்த அலங்கார உருவத்தை எல்லாம் தனிப்பயன் இடம்னு சொல்ற யூனிகோட் பகுதில ஒளிச்சு வெச்சிருப்பாங்க, அங்க இருந்து காப்பி பண்ணி ஒட்டலாம், வேலை நடக்கும். ஆனா வெப்சைட்ல அப்படி ஒட்டினா தேடுபொறிக்கும் புரியாது, பார்வை இல்லாதவங்க கேக்கற ஸ்கிரீன் ரீடருக்கும் அது ஆர்ன்னு தெரியாது. வெப்ல எப்பவும் சாதா எழுத்த அடிச்சுட்டு, ஸ்டைல்ஷீட்ல ஃபான்ட் ஃபீச்சர் செட்டிங்ஸ் வழியா மாத்துங்க.

படி 5: கெர்னிங், இங்கதான் உக்காரணும்

கெர்னிங்னா ரெண்டு எழுத்துக்கு நடுவுல இருக்கற இடத்தை சரி பண்றது. ட்ராக்கிங்னா முழு வார்த்தைக்கும் ஒரேயடியா. படிக்கற சைஸ்ல கண்ணுக்கு தெரியாத ஓட்டை எல்லாம் தலைப்பு சைஸ்ல குழி மாதிரி தெரியும், அலங்கார ஃபான்ட்ல வால் வேற நீட்டிட்டு இருக்கறதால ரெண்டு மடங்கா தெரியும்.

முதல்ல முழு வார்த்தைக்கும் ட்ராக்கிங்க கொஞ்சமா இறுக்குங்க, அப்புறம் ஜோடி ஜோடியா பாருங்க. வழக்கமா மாட்டறது ஏவும் வியும் (AV), டிக்கு பக்கத்துல சின்ன ஓ (To), டபிள்யூக்கு பக்கத்துல சின்ன ஏ (Wa), ஆரோட கால் நீண்டா அதுக்கு அடுத்து வர்ற எதுவுமே. இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் ரெண்டுலயும் ரெண்டு எழுத்துக்கு நடுவுல கர்சர வெச்சுட்டு ஆல்ட் அழுத்தி இடது வலது அம்பு தட்டினா இடம் குறையும் கூடும், ஒரு தட்டுக்கு எம் அளவுல (எம்னா அப்போ வெச்சிருக்கற எழுத்து சைஸ்) 1000ல 20 பங்கு நகரும், அது ஜாஸ்தின்னு பட்டா செட்டிங்ஸ்ல 5ன்னு மாத்திக்கோங்க, நான் அப்படித்தான் வெச்சிருக்கேன்.

எல்லா ஜோடிக்கும் நடுவுல ஒரே அளவு தண்ணி ஊத்தற மாதிரி நெனச்சு பாருங்க. தூரம் சமமா இருக்கணும்னு ஸ்கேல் வெச்சு அளந்தா தப்பா வரும், ஏன்னா ரெண்டு நேர் குச்சிக்கு நடுவுல இருக்கற அதே தூரத்தை ரெண்டு உருண்டைக்கு நடுவுல வெச்சா அங்க தண்ணி நிறைய பிடிக்கும். அதனால உருண்டைங்க நெருக்கமா, குச்சிங்க கொஞ்சம் தள்ளி. மூணு மூணு எழுத்தா பிரிச்சு, நடு எழுத்து ரெண்டு பக்கமும் சமமா நிக்குதான்னு மட்டும் பாத்துட்டு ஒவ்வொரு எழுத்தா நகந்து போங்க. அப்புறம் வார்த்தையவே தலைகீழா திருப்பி பாருங்க, படிக்க முடியாதப்போ மூளை வார்த்தைய விட்டுட்டு வெறும் வடிவத்தை மட்டும் பாக்கும், ஓட்டை எல்லாம் தானா கண்ணுல படும்.

செரிஃப் தொட்டுக்கலாமா? தொடலாம், ஆனா தெரிஞ்சே தொட்ட மாதிரி இருக்கணும். முழுசா ஒட்டுங்க இல்ல தெளிவா விலக்குங்க, தொட்டும் தொடாமலும் நின்னா பிரிண்ட்ல அழுக்கு மாதிரி தெரியும்.

இலவச ஃபான்ட்ல கெர்னிங் அட்டவணையே சில சமயம் இருக்காது. அப்போ கெர்னிங் பெட்டில மெட்ரிக்ஸ்னு (ஃபான்ட்டோட சொந்த அட்டவணை) இருக்கறத ஆப்டிகல்னு (மென்பொருளே வடிவத்தை பாத்து இடம் விடறது) மாத்தி ஆரம்பிச்சா பாதி வேலை குறையும், மீதிய கையால. வரி இடைவெளியும் இதே நேரத்துல, ரெண்டு வரி தலைப்புன்னா சைஸோட 0.9 மடங்குல இருந்து 1.1 மடங்கு வரை வெச்சு ஆரம்பிங்க, மேல் வரியோட வாலும் கீழ் வரியோட கொம்பும் முட்டாத இடத்துல நிறுத்துங்க.

படி 6: துணைக்கு யாரு

சேட்டைக்கார பையன் பக்கத்துல அமைதியான பையன உக்கார வைக்கிற மாதிரிதான். கீழ வர்ற பத்திக்கு அலங்காரமே இல்லாத ஃபான்ட் ஒண்ணு எடுங்க, செரிஃபா இருந்தாலும் சரி இல்லன்னாலும் சரி. ரெண்டு அலங்கார ஃபான்ட் மட்டும் ஒரே பக்கத்துல வேணாம். சைஸ் வித்தியாசம் தைரியமா இருக்கட்டும், பத்தி 16 பிக்சல்னா தலைப்பு 22ன்னு வெக்காதீங்க, மூணு மடங்கு நாலு மடங்கு போங்க.

தமிழும் சேந்து வருதுன்னா கொஞ்சம் கூடுதல் வேலை. ஆங்கில அலங்கார ஃபான்ட்ல தமிழ் எழுத்து அனேகமா இருக்காது, நீங்க தமிழ்ல அடிச்சா சிஸ்டம் தன் இஷ்டத்துக்கு ஒரு ஃபான்ட்டை கொண்டு வந்து நிறுத்தும். அதனால தமிழுக்கு தனியா நீங்களே தேர்வு பண்ணுங்க. ஆங்கிலத்துல இருக்கற மாதிரி செரிஃப் மரபு தமிழ்ல கிடையாது, அதனால பாதத்தை தேடாம கோட்டோட குணத்தை தேடுங்க. கொழுகொழு ஆங்கில எழுத்துக்கு பலூ தம்பி, காய்னி மாதிரி உருண்டை தமிழ் எழுத்து ஒத்து போகும், மெல்லிசும் கனமும் மாறி மாறி வர்ற எழுத்துக்கு அரிமா நல்லா இருக்கும், மூணும் யூனிகோட், மூணும் இலவசம். தமிழ்ல கி, கீல வர்ற விசிறி மேலயும் பு, சுல வர்ற வால் கீழயும் போகறதால வரி இடைவெளிய ஆங்கிலத்துக்கு வெச்ச மாதிரி இறுக்கினா முட்டிக்கும். ட்ராக்கிங் தமிழுக்கு போடாதீங்க, சில மென்பொருள்ல ஒற்றைக்கொம்பும் காலும் எழுத்த விட்டு பிரிஞ்சு தனியா நடந்து போகும். பழைய அலங்கார தமிழ் ஃபான்ட் நிறைய யூனிகோட் இல்லாதது, அது இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்தா ஆங்கில எழுத்தும் குறியுமா கொட்டும், போஸ்டருக்கு போட்டுட்டு உடனே எழுத்த வடிவமா (அவுட்லைன், அதாவது வெறும் கோட்டு படம்) மாத்திடுங்க, வெப்சைட் பக்கம் கொண்டு போகவே போகாதீங்க.

படி 7: ஸ்கிரீனுக்குன்னா

ஃபைல வாஃப் 2னு (WOFF2) சொல்ற, வெப்சைட்டுக்குன்னே இருக்கற ஃபான்ட் ஃபைல் வடிவத்துல போடுங்க, தலைப்புக்கு மட்டும்தான்னா தேவையான எழுத்த மட்டும் வெச்சு மிச்சத்தை வெட்டி சின்னதாக்கலாம், லைசன்ஸ் அதுக்கு விடுதான்னு பாத்துட்டு. ஸ்டைல்ஷீட்ல ஃபான்ட் டிஸ்ப்ளேங்கற இடத்துல ஸ்வாப்னு போட்டா ஃபான்ட் வர்றவரைக்கும் தலைப்பு காணாம போகாது. பெரிய எழுத்துக்கு பின்னணியோட 3க்கு 1 கான்ட்ராஸ்ட் போதும்னு வெப்சைட்டுக்கான அணுகல் விதி (WCAG) சொல்லுது, ஆனா இந்த எழுத்துல மயிரிழை கோடு எல்லாம் இருக்கறதால நான் 4.5க்கு 1க்கு கீழ இறங்கறதே இல்ல.

படி 8: பிரிண்டுக்குன்னா

இங்க நான் சூடு பட்டிருக்கேன். ஒரு நாடக குழுவுக்கு போஸ்டர் பண்ணப்போ கருநீல பின்னணில வெள்ளை எழுத்து, ஸ்கிரீன்ல பாத்தா தேவலோகம். பளபளப்பு இல்லாத பேப்பர்ல அடிச்சு வந்தப்போ சுத்தி இருந்த மை ஊறி உள்ள வந்து சின்ன ஈயோட (e) குறுக்கு கோட்டை முழுசா மூடிடுச்சு, எல்லா ஈயும் சி (c) ஆயிடுச்சு. தப்பு பிரஸ் மேல இல்ல, என் மேல. வெள்ளை எழுத்தா விடற இடத்துல மை எப்பவும் உள்ள பரவும், அதனால மெல்லிசான கோடு கடைசி சைஸ்ல குறைஞ்சது 0.5 பாயின்ட் இருக்கணும், வெள்ளை மேல கருப்புன்னா 0.25 தாங்கும். கோடு பத்தலன்னா கனமான வெயிட் எடுங்க, இல்ல எழுத்தோட நிறத்துலயே மெல்லிசா ஒரு ஸ்ட்ரோக் குடுங்க. வெள்ளை எழுத்துக்கு பின்னணில நாலு மையையும் கலந்து அடிச்சா ஒரு மை கொஞ்சம் நகந்தாலும் மெல்லிசு கோட்டுல கலர் விளிம்பு தெரியும், முடிஞ்சா ஒரே மையோ ரெண்டு மையோ போதும்.

ஸ்டிக்கர் வெட்டறதுன்னா சுருள் நுனி உரிக்கும்போது கிழியும், எம்பிராய்டரின்னா 1 மில்லிமீட்டருக்கு கீழ இருக்கற கோடெல்லாம் நூல்ல நிக்காது, ரெண்டுக்கும் கொழுகொழு கூட்டமே பாதுகாப்பு.

எல்லாம் முடிஞ்சதும் கடைசி சைஸ்லயே, முழு போஸ்டர் முடியலன்னாலும் தலைப்பு இருக்கற துண்டை மட்டுமாவது பிரிண்ட் எடுத்து செவுத்துல ஒட்டி, பத்தடி தள்ளி நின்னு படிச்சு பாருங்க. சரியா இருந்தா ஃபைல ரெண்டா சேவ் பண்ணுங்க, ஒண்ணு எழுத்தாவே இருக்கறது, இன்னொண்ணு எழுத்த வடிவமா மாத்தினது. பிரஸ்ஸுக்கு ரெண்டாவது போகட்டும். முதல் ஃபைல அழிச்சுடாதீங்க, தேதிய மாத்தணும்னு நாளைக்கு காலைல ஃபோன் வரும்.